கரையைக் காக்காத அரசும் மழையின் மேல் போடும் பழியும்

நாயுடுபேட்டையை ஒட்டி, சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை ஸ்வர்ணமுகி ஆற்றைக் கடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அந்தப் பாலத்தின் கீழே மணல்தான் கிடக்கும். சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் பயணிக்குத் தான் ஓர் ஆற்றைக் கடக்கிறோம் என்ற எண்ணமே எழாது. வடகிழக்குப் பருவமழையின் சில நாள்களில் மட்டும் அது கரைபுரண்டு ஓடும். சந்திரகிரி மலைப்பகுதியில் தோன்றி, திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி வழியாக வந்து, நாயுடுபேட்டையைத் தாண்டி வங்கக் கடலில் கலக்கும் இந்த ஆற்றின் வடிநிலம் நெடுகிலும் ஏரிகள் இருக்கின்றன. தெலுங்கில் 'செருவு' என்பார்கள். மலையிலிருந்து இறங்கும் நீர் பத்து நாள்களில் பதமாக வடியுமா, ஒரே இரவில் பாய்ந்து ஊர்களை வாரிச் செல்லுமா என்பதைப் பெருமளவுக்கு முடிவு செய்வது அந்த ஏரிகளின் மண் கரைகளே.

அந்தக் கரைகள் யாருடைய பொறுப்பு? கரை உடைந்து மக்கள் மாண்ட ஒவ்வொரு முறையும் ஆட்சியாளர்களிடமிருந்து ஒரே விடைதான் வருகிறது: 'வரலாறு காணாத மழை.' இந்த விடை உண்மையை மறைக்கிறது. மழை மேகத்திலிருந்து வருகிறது. கரை உடைவதோ கருவூலத்திலும் சட்டமன்றத்திலும் ஒப்பந்தக்காரர் அலுவலகத்திலும் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஒரே மழை, இரண்டு கரைகள்

2021 நவம்பர் 18. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரையைக் கடக்க நெருங்கிய வேளையில், திருப்பதியிலும் சேஷாசல மலைத்தொடரின் மறுபுறத்திலும் பெருமழை கொட்டியது. மலையின் மறுபுறம், அன்றைய கடப்பா மாவட்டத்தின் ராஜம்பேட்டைப் பகுதியில் செய்யேறு என்ற ஆறு ஓடுகிறது. தமிழ்நாட்டின் செய்யாறு வேறு, இது வேறு. அதன் மேல்நிலையில் பிஞ்சா என்ற சிறு அணை இருக்கிறது. ஒரு டி.எம்.சி.யில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதன் கொள்ளளவு. அதற்குக் கீழே 2.24 டி.எம்.சி. கொள்ளளவும் ஐந்து மதகுகளும் நீண்ட மண் கரையும் கொண்ட அன்னமய்யா அணை நின்றது.

18ஆம் தேதி இரவு பிஞ்சாவின் கரை உடைந்தது. ஏற்கெனவே நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்த அன்னமய்யா அணையை அந்த நீரும் வந்து தாக்கியது. மறுநாள் விடியலில், கார்த்திகைப் பௌர்ணமியன்று, மண் கரைக்கு மேலாக நீர் வழிந்தது. கரை அரித்துச் சரிந்தது. கீழே இருந்த புலபத்தூர், மந்தப்பள்ளி, தொகுருபேட்டை முதலிய ஊர்களை வெள்ளம் சூறையாடியது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக முப்பதுக்கும் மேற்பட்டோரை அந்தக் கரையோர மக்கள் இழந்தார்கள். வீடும் மாடும் நிலமும் இழந்தோர் இன்னும் பலர்.

மதகுகள் வழியே விநாடிக்கு 2.17 லட்சம் கன அடியே வெளியேற்ற முடியும், வந்ததோ 3.2 லட்சம் கன அடி என்பது அரசு சொன்ன கணக்கு. கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஐந்து மதகுகளில் ஒன்று திறக்கவே இல்லை என்பதை ஒன்றிய ஜல்சக்தி அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத்தே மாநிலங்களவையில் கூறினார். 2020 நவம்பரில் நிவர் புயல் வந்து போனதிலிருந்தே அந்த மதகு பழுதுபட்டுக் கிடந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. ஒரு மதகைப் பழுது நீக்க ஓர் ஆண்டு போதாதா? ஆற்றுப் படுகையில் நின்ற மணல் லாரிகளை வெளியேற்றுவதற்காக நீர் திறப்பு தாமதிக்கப்பட்டது என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின, அரசு மறுத்தது. மேல் அணை உடைந்த செய்தி கீழ் ஊர்களுக்கு அந்த இரவிலேயே ஏன் போய்ச் சேரவில்லை என்ற கேள்விக்கோ விடையே இல்லை. அன்றைய ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஆட்சி போய், 2024இல் தெலுங்கு தேசம் – ஜனசேனா – பா.ஜ.க. கூட்டணி ஆட்சி வந்தது. அணையை மீட்டெழுப்பும் பணியை இரண்டு ஆட்சிகளும் முடிக்கவில்லை.

அதே மழையில், மலையின் இப்பக்கம், திருப்பதிக்கு அருகே ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் உள்ள ராயலசெருவு ஏரியும் நிரம்பியது. விஜயநகரக் காலத்தது என்று மக்கள் சொல்லும் பழைய ஏரி அது. கொள்ளளவு 0.6 டி.எம்.சி., நின்றதோ 0.9 டி.எம்.சி. என்பது மாவட்ட நிர்வாகம் அன்று தந்த கணக்கு. கரையில் கசிவு தென்பட்டது. உடனே கீழுள்ள ஊர்களுக்கு எச்சரிக்கை போனது, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், பொறியாளர்கள் வந்தார்கள், மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. கரை நின்றது.

இரு இடங்களிலும் பெய்தது ஒரே மழை. ஓரிடத்தில் கசிவைப் பார்க்கக் கண்ணும் அதை அடைக்கக் கையும் இருந்தன. மற்றோரிடத்தில் மதகே துருப்பிடித்துக் கிடந்தது. ஆயினும் ராயலசெருவு தந்த பாடத்தை ஆட்சியாளர்கள் கற்றுக்கொள்ளவில்லை. 2025 நவம்பரில் அதே திருப்பதி மாவட்டத்தின் கே.வி.பி. புரம் மண்டலத்தில், அதே ராயலசெருவு என்ற பெயர் கொண்ட வேறோர் ஏரியின் கரை உடைந்து, களத்தூர் உள்ளிட்ட ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கால்நடைகள் மாண்டன.

மண் கரை எப்படி உயிர் காக்கிறது, எப்படிச் சாகிறது

சிறிய ஏரிகள் வெள்ளத்தைத் தடுப்பதில் அற்பப் பங்கே வகிக்கின்றன என்று பெரிய திட்டங்களின் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பருவமழை தொடங்கும்போது ஓர் ஏரியில் 0.3 டி.எம்.சி. இடம் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 10,000 கன அடி வீதம் வரும் வெள்ளத்தை அந்த ஏரி எட்டு மணி நேரத்துக்கு மேல் தன் வயிற்றில் தாங்கிக்கொள்ளும். எட்டு மணி நேரம் என்பது ஓர் இரவு. அந்த இரவில் ஒரு சேரியை, ஒரு காலனியை, ஓர் ஆற்றோரக் குடியிருப்பை மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். இப்படிப் பத்து ஏரிகள் சங்கிலியாக இருந்தால் ஆற்றின் உச்ச வெள்ளமே தணிந்துவிடும்.

இதே ஏரியின் கரை உடைந்தாலோ கணக்கு தலைகீழாகும். 0.6 டி.எம்.சி. நீர் இரண்டு மணி நேரத்தில் வெளியேறினால், விநாடிக்குச் சராசரியாக 83,000 கன அடி. எந்தச் சிற்றோடையும் அதைத் தாங்காது. அந்த நீர் கீழுள்ள ஏரியை உடைக்கும். அது அடுத்ததை உடைக்கும். பிஞ்சாவும் அன்னமய்யாவும் காட்டியது இதைத்தான். காவலனாக நின்ற கரை கவனிப்பாரற்றுப் போனால் அதுவே பேராபத்தாகிறது.

கான்கிரீட் அணையின் தலைக்கு மேல் நீர் வழிந்தால் பெரும்பாலும் அணை நிற்கும். மண் கரையின் மேல் சில மணி நேரம் நீர் வழிந்தால் வெளிச்சரிவு அரிக்கத் தொடங்கும். அரிப்பு உச்சியை எட்டியதும் கதை முடிந்தது. எனவே மண் கரையின் உயிர் அதன் கலங்கலில் இருக்கிறது. உபரி நீர் தடையின்றிப் போகக் கலங்கலும் அதற்குக் கீழே உள்ள கால்வாயும் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது ஆபத்து கசிவு. எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர், பழைய மதகின் ஓரச் சந்து ஆகியவற்றின் வழியே கரைக்குள் புகும் நீர் மண்ணைத் துகள் துகளாகக் கொண்டுபோய்க் கரைக்குள்ளேயே குடைந்துவிடும். தெளிந்த கசிவு எச்சரிக்கை. கலங்கிய கசிவு அபாயம் என்பது கரையில் நடந்து பழகிய எந்த நீர்க்கட்டிக்கும் தெரியும்.

இந்த அறிவு புதிதன்று. கடப்பா மாவட்டத்தின் போருமாமில்லா ஏரிக் கல்வெட்டு 1369இல் பொறிக்கப்பட்டது. நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு அம்சங்களையும், ஏரிக்கு ஆகாத ஆறு குற்றங்களையும் அது வரிசைப்படுத்துகிறது. கரையிலிருந்து நீர் கசிவது அந்தக் குற்றங்களில் ஒன்று. ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்ததை, செயற்கைக்கோளும் வானிலை ரேடாரும் வைத்திருக்கும் அரசு 'எதிர்பாராதது' என்கிறது.

பருவநிலை மாற்றத்தால் குறுகிய நேரத்தில் கொட்டும் மழை கூடிவருகிறது என்பது உண்மை. அந்த உண்மை ஆட்சியாளர்களின் பொறுப்பைக் கூட்டுகிறதே தவிர, குறைக்கவில்லை. மழை கூடும் என்று அறிவியல் சொன்னால், கலங்கலை அகலப்படுத்தவும் கரையை உயர்த்தவும் வேண்டியவர் யார்? மேகமா?

குற்றவாளிக் கூண்டில் நண்டுகள்

2019 ஜூலை 2ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறிய மண் அணை உடைந்தது. சுமார் இருபது பேர் மாண்டனர். கசிவு பற்றி முன்பே புகார் செய்திருந்ததாக ஊர் மக்கள் கூறினர். அன்றைய பா.ஜ.க. – சிவசேனா ஆட்சியின் நீர்ப்பாதுகாப்புத் துறை அமைச்சர் தானாஜி சாவந்த் காரணம் கண்டுபிடித்துச் சொன்னார்: நண்டுகள் கரையைத் துளைத்துவிட்டனவாம்!

நண்டு துளைப்பது உண்மையாகவே இருக்கட்டும். துளையைத் தேடி அடைக்கும் ஊழியர் எங்கே போனார் என்று அமைச்சர் சொல்லவில்லை. ஆந்திரத்தில் மழை குற்றவாளி, மகாராஷ்டிரத்தில் நண்டு குற்றவாளி. கோப்பைக் கிடப்பில் போட்டவரும் காசை விழுங்கியவரும் எங்கும் குற்றவாளிகள் அல்லர்.

1979 ஆகஸ்ட் 11இல் குஜராத்தில் மச்சூ–2 அணையின் மண் கரைகள் உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. மாண்டவர் எத்தனை ஆயிரம் என்பதே இன்றுவரை முடிவாகவில்லை. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அது வேலையை முடிக்கும் முன்பே 1981இல் மாநில அரசு அதைக் கலைத்துவிட்டது. இலங்கையின் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20இல் உடைந்து 120க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஏப்ரல் அங்கே பெருவெள்ளக் காலமன்று. மழையின் மேல் பழி போடும் வாதம் கந்தளாயில் நிற்காது. 2023 செப்டம்பரில் லிபியாவின் தெர்னா நகரத்துக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். உள்நாட்டுப் போரில் சிதைந்த அந்த நாட்டிலேகூட 2024 ஜூலையில் 12 அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 'உலகின் மிகப்பெரிய ஜனநாயகம்' அன்னமய்யாவுக்காக யாரைத் தண்டித்தது?

பெரிய அணை டெல்லிக்கு, சிறிய கரை யாருக்கு?

அன்னமய்யா உடைந்த பதின்மூன்றாம் நாள், 2021 டிசம்பர் 2 அன்று, அணைப் பாதுகாப்பு மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை அதை 2019லேயே நிறைவேற்றியிருந்தது. அந்த மாதம் 30ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. ராஜம்பேட்டையின் பிணங்களைக் காட்டியே அமைச்சர் ஷெகாவத் அந்த மசோதாவுக்கு நியாயம் கற்பித்தார்.

அந்தச் சட்டம் எந்த அணைகளைக் காக்கிறது? 15 மீட்டருக்கு மேல் உயரமானவற்றையும், 10 முதல் 15 மீட்டர் உயரத்தில் நீளம், கொள்ளளவு, வெள்ள வெளியேற்றம் முதலியவற்றில் குறிப்பிட்ட நிபந்தனை ஒன்றையாவது நிறைவு செய்பவற்றையும் மட்டுமே. நாட்டில் ஆறாயிரத்துக்கும் சற்று மேற்பட்ட அணைகள் இந்த வரையறைக்குள் வருகின்றன. 10 மீட்டருக்குக் கீழ்ப்பட்ட கரைகளைக் கொண்ட ஏரிகள் இதற்கு வெளியே நிற்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள், ஆந்திரத்திலும் பல்லாயிரம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவை. சேரியும் காலனியும் எந்தக் கரையின் நிழலில் இருக்கின்றனவோ அந்தக் கரை, சட்டப்படி அணையே அன்று.

மறுபுறம், மாநிலங்களின் அதிகாரமான நீரில் கை வைக்க இதே சட்டம் டெல்லிக்கு வழி திறந்தது. ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் இருந்து மற்றொரு மாநிலத்தால் நிர்வகிக்கப்படும் அணைகளில் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்துக்கே பொறுப்பு. முல்லைப்பெரியாறு, பரம்பிக்குளம் அணைகளை எண்ணித் தமிழ்நாடு சட்டமன்றம் 2018லேயே இந்த மசோதாவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதிகாரம் கிடைக்கும் இடத்தில் ஒன்றிய அரசு வந்து நிற்கிறது. பொறுப்பு மட்டும் இருக்கும் இடத்தில் காணாமற்போகிறது. இதுதான் மோடி அரசின் 'கூட்டாட்சி'.

பெரிய அணைகளின் நிலையும் மெச்சத்தக்கதாக இருந்ததில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2017ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 4,862 பெரிய அணைகளில் 349க்கு மட்டுமே அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கு ஏழு! பெரியவற்றுக்கே இந்தக் கதி என்றால், பட்டியலிலேயே இல்லாத ஏரிக் கரைக்கு எந்தத் திட்டம் இருந்திருக்கும்?

பராமரிப்பில் கமிஷன் இல்லை

'நிதி இல்லை' என்பது அடுத்த விடை. உலக வங்கி உள்ளிட்ட வெளிக் கடன் சுமார் 7,000 கோடி ரூபாயையும் சேர்த்து, 736 அணைகளைச் சீரமைக்க 10,211 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2020 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பத்தாண்டுத் திட்டம் அது. அதற்கு ஓராண்டு முன்பு, 2019 செப்டம்பரில், கார்ப்பரேட் வரியை ஒரே அறிவிப்பில் குறைத்தது இதே அரசு. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்பது அரசே சொன்ன மதிப்பீடு. பத்தாண்டுக்கு அணைகளுக்கு ஒதுக்கியதைப்போல் பதினான்கு மடங்கை ஒரே ஆண்டில் முதலாளிகளுக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள் நிதி இல்லை என்கிறார்கள்.

கிடைக்கும் நிதியும் கரைக்கு வருவதில்லை. எலி வளையை அடைப்பது, மதகுத் திருகுக்கு மசகு போடுவது, கலங்கலில் அடைந்த செடியை வெட்டுவது, இரவில் விளக்கோடு கரையில் நடப்பது ஆகியவை சிறு செலவுகள். ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை. இவற்றில் திறப்பு விழா இல்லை, கல்வெட்டு இல்லை, கமிஷனும் இல்லை. ஆகவே லஸ்கர், கரைக்காவலர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கரைந்துபோகின்றன. புதிய கட்டுமானத்துக்கு மட்டும் டெண்டர் பறக்கிறது. விழுப்புரம் மாவட்டம் தளவானூரில் தென்பெண்ணையின் குறுக்கே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய தடுப்பணை, 2020இல் திறக்கப்பட்டு 2021 ஜனவரியிலேயே உடைந்ததைத் தமிழ்நாட்டு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அ.தி.மு.க. ஆட்சியின் குடிமராமத்தும், ஆந்திரத்தில் தெலுங்கு தேசத்தின் 'நீரு – செட்டு' திட்டமும் முறைகேட்டுப் புகார்கள் நாற எந்தக் கதியில் முடிந்தன என்பதும் தெரிந்ததே.

இடதுசாரிகளின் அழுத்தத்தோடு 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் ஏரிக் கரைகளுக்கு உழைக்கும் கைகளைக் கொண்டுவந்தது. அந்தக் கைகளையும் பா.ஜ.க. அரசு கட்டிப்போட்டது. நிதியைச் சுருக்கியது, கூலியை மாதக்கணக்கில் நிலுவையில் வைத்தது, 2024 ஜனவரி முதல் ஆதார் வழிக் கூலியைக் கட்டாயமாக்கி ஏழைகளை வடிகட்டியது. வேலை கேட்கும் விவசாயத் தொழிலாளி ஒருபுறம், மண் சரியும் கரை மறுபுறம். இடையே நின்று இரண்டையும் பிரிப்பது ஆளும் வர்க்கத்தின் கொள்கை.

யார் ஆக்கிரமிப்பாளர்?

வெள்ளம் வடிந்ததும் நடுத்தர வர்க்க விவாதங்களில் ஒரு குரல் தவறாமல் எழும்: 'ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டவர்களே காரணம்.' நெல்லூர், திருப்பதி மாவட்டங்களில் ஆற்றோரத்திலும் ஏரிக் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் குடியிருப்போரில் கணிசமானோர் யானாதிப் பழங்குடியினர். தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் இருளர்கள் இருக்கும் அதே இடம், அதே நிலை. பட்டா நிலம் கிடைத்திருந்தால் எவர் தன் பிள்ளைகளை உபரிநீர்க் கால்வாயின் ஓரத்தில் தூங்க வைப்பார்?

சென்னையின் தியாகராய நகர் மாம்பலம் நீண்ட ஏரியின் மேல் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. ஏரியைத் தூர்த்தவர்கள் குடிசைவாசிகள் அல்லர். அரசும் மனை வணிகர்களும்தான். கலங்கலுக்குக் கீழே ஓடை இருந்த இடத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி தந்த கையெழுத்தை விட்டுவிட்டு, குடிசைக்கு மட்டும் புல்டோசர் அனுப்புவது வெள்ளத் தடுப்பு ஆகாது. அது வர்க்கப் பழிவாங்கல். நீர்வழியில் வாழ்வோரை மாற்றிக் குடியமர்த்தத்தான் வேண்டும். ஆனால் அருகிலேயே வீட்டுமனையும் வீடும் கொடுத்த பிறகே அது நடக்க வேண்டும்.

ஏரிக்குள்ளும் வர்க்கம் உண்டு

பழைய கிராம சமுதாயம் ஏரியைக் கண்ணாகக் காத்தது, அதற்கே திரும்ப வேண்டும் என்று சிலர் உருகுகிறார்கள். அந்தப் பொற்காலத்தில் மண் சுமந்தது யார்? கூலியின்றிக் கரைக்குப் போக வேண்டியிருந்தவர்கள் பெரும்பாலும் தலித் உழைப்பாளிகள். நீர் பாய்ந்த நிலமோ அவர்களுடையதன்று. அந்த வெட்டி வேலையைத்தான் வெள்ளையர் ஆட்சி 1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. நெல்லூரும் அந்த மாகாணத்தில் இருந்ததுதான். உழைப்பின் நினைவைப் போற்றலாம். சாதிய அடிமைத்தனத்தைப் போற்ற முடியாது.

இன்றும் ஏரிக்குள் இரண்டு நலன்கள் மோதுகின்றன. இப்பகுதிக்கு மழையே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். கிடைக்கும்போது நிரப்பாவிட்டால் பயிர் இல்லை என்பது ஆயக்கட்டு விவசாயியின் நியாயமான அச்சம். அந்த அச்சத்தால் கலங்கலின் மேல் மணல் மூட்டை அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்துவதும் நடக்கிறது. உயர்ந்த ஒவ்வோர் அடியும் கீழே இருக்கும் காலனியின் தலைக்கு மேல் நிற்கும் நீர். ஆந்திரத்தின் 1997ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் நீர்ப் பயனாளர் சங்கங்களை அமைத்தது. அவற்றில் நிலமுடையோருக்கும் குத்தகைதாரருக்கும் இடம் உண்டு. நிலமற்று, கரைக்குக் கீழே குடியிருப்பவருக்கு இல்லை. கரை உடைந்தால் முதலில் சாகிறவருக்குக் கரையைப் பற்றிப் பேச உரிமை கிடையாது!

இந்த மோதலை மேலிருந்து வரும் உத்தரவால் தீர்க்க முடியாது. விவசாயியை எதிரியாக்கியும் தீர்க்க முடியாது. பருவமழையின் தொடக்கத்தில் ஏரியில் எந்த அளவுக்கு இடம் காலியாக வைக்க வேண்டும் என்பதை ஊர் அறிய நிர்ணயிக்க வேண்டும். பின்னர் மழை பொய்த்து ஏரி நிரம்பாமற்போனால் ஆயக்கட்டுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும். அப்போதுதான் சிறு விவசாயியும் நிலமற்ற தொழிலாளியும் ஒரே கரையில் நிற்க முடியும். அணையே வேண்டாம், ஆற்றை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்ற வாதம் இந்த வறண்ட மண்ணில் பட்டினிக்கான அழைப்பு. தேவை, மக்களின் கட்டுப்பாட்டிலுள்ள பாதுகாப்பான கரை.

எல்லையில் நீர் நிற்பதில்லை

போருமாமில்லாக் கல்வெட்டு சொல்லும் ஆறு குற்றங்களில் இன்னொன்று, ஏரி இரண்டு அரசுகளின் எல்லையில் அமைவது. திருவள்ளூர் மாவட்டத் தோழர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணை சுமார் 1.85 டி.எம்.சி. கொள்ளளவு உடையது. அது நிரம்பினால் ஆரணி ஆற்றில் வரும் வெள்ளம் ஊத்துக்கோட்டையைத் தொடும். கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலையில் நீர் பெருகிப் பூண்டிக்கு வரும். ஆந்திரத்தில் ஒரு கரையின் கசிவு தமிழ்நாட்டில் ஒரு தெருவின் உயிர்ப் பிரச்சனை. நதிநீர் என்றாலே இரு மாநில மக்களையும் மோதவிட்டு வாக்கு அறுவடை செய்யும் கட்சிகள் உண்டு. இருபுறத்து உழைப்பாளிகளையும் ஒரே கோரிக்கையின் கீழ் நிறுத்த இடதுசாரி இயக்கத்தால் மட்டுமே முடியும்.

கோரிக்கைகளும் கடமைகளும்

அன்னமய்யா, பிஞ்சா அணை உடைப்புகள் குறித்து நீதி விசாரணை வேண்டும். அதன் அறிக்கை மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அணை மீண்டும் கட்டப்பட வேண்டும். உயரத்தை வைத்து அல்லாமல், கீழே எத்தனை உயிர்கள் வாழ்கின்றன என்பதை வைத்து ஒவ்வொரு மண் கரையும் வகைப்படுத்தப்பட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வர வேண்டும். அந்த அதிகாரம் நிதியோடு மாநிலங்களிடமும் ஊராட்சிகளிடமும் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பர் முடிவதற்குள் கரை, மதகு, கலங்கல் ஆய்வு முடிந்து, அதன் விவரம் ஊராட்சி அலுவலகத்தில் மக்களின் மொழியில் ஒட்டப்பட வேண்டும். லஸ்கர், கரைக்காவலர் பணியிடங்கள் நிரந்தரப் பணிகளாக நிரப்பப்பட வேண்டும். ஏரி நிர்வாகக் குழுக்களில் நிலமற்றோருக்கும் கரைக்குக் கீழே வாழ்வோருக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும். ஆரணி, கொசஸ்தலை ஆறுகளுக்கு ஆந்திரமும் தமிழ்நாடும் இணைந்து இயக்கும் எச்சரிக்கை ஏற்பாடு வேண்டும்.

இவை கேட்டால் கிடைப்பவை அல்ல. போராடிப் பெற வேண்டியவை. வெள்ளம் வந்தபின் அரிசி மூட்டையும் போர்வையும் கொண்டு ஓடுவதில் இடதுசாரித் தொண்டர்கள் யாருக்கும் பின்தங்கியதில்லை. அந்தத் தொண்டு பெருமைக்குரியது. ஆனால் அது போதாது. மழைக்கு முன்பே கரைக்குப் போக வேண்டும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் விவசாயிகள் சங்கக் கிளையும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் சேர்ந்து தம் ஊர் ஏரிக் கரையை ஒருமுறை முழுதாக நடந்து பார்க்கட்டும். எங்கே கசிகிறது, எந்த மதகு திறக்கவில்லை, கலங்கலை அடைத்தது யார், கீழே எத்தனை குடும்பங்கள் என்று எழுதட்டும். அந்தத் தாளை ஊராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்கட்டும். பதில் வராவிட்டால் அதே தாளோடு மக்களைத் திரட்டி அலுவலக வாசலில் அமரட்டும்.

கரை நின்றால், அந்தத் தாள் ஊரைக் காத்த தாள். கரை உடைந்தால், 'எதிர்பாராத மழை' என்று சொல்ல வரும் எந்த அமைச்சரின் முகத்துக்கு முன்னும் நீட்டப்பட வேண்டிய குற்றப்பத்திரிகை அதுவே. நாயுடுபேட்டைப் பாலத்தின் கீழ் அடுத்த வெள்ளம் எந்த வேகத்தில் வரும் என்பதை மழை மட்டும் தீர்மானிக்கப்போவதில்லை. அதற்கு முன்னால் கரையில் நடந்தவர்கள் யார் என்பதும் தீர்மானிக்கும்.